கம்பி போகும் வழி

படகுக்குப் புதிதாக ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்ற எண்ணம் உண்டானவுடனே நம்மில் பெரும்பாலோர் செய்கிற முதற்காரியம், கடைத்தெருவுக்குப் போய், கண்ணைப் பறிக்கிற விளக்கு ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து, அதை எந்த மூலையில் பொருத்தினால் எடுப்பாக இருக்கும் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான். கம்பியைப் பற்றிய யோசனை அதற்கப்புறம் வருகிறது. அதுவும், கூடத்திலிருந்து திண்ணைக்கு ஒரு விளக்கு இழுக்கிற பாவனையில், எது குறுக்குவழியோ அதுவே நல்ல வழி என்ற துணிவோடு வருகிறது. இந்த அத்தியாயம் அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளும்படி வாசகரை வேண்டுவதற்காக எழுதப்படுகிறது: முதலில் வழியைத் தீர்மானிப்பது, பிறகு கம்பியைத் தேர்வது, விளக்கைக் கடைசியில் வாங்குவது. இத்தனை வருஷங்களில் நான் அவிழ்த்துப் பார்த்த படகுகளில், இருண்டுபோன விளக்கைக் கழற்றிக் கரையில் நேராகப் பாட்டரியில் சேர்த்தால் அது பளிச்சென்று எரிந்ததே பெரும்பான்மை. பழுது விளக்கில் இருந்ததில்லை, விளக்குக்கும் பாட்டரிக்கும் நடுவே எங்கோ கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் இருந்தது.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் தேதி வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளில் முன்னிலும் வெகுவாகப் பெருகி, பல குப்பங்களில் கட்டுமரத்தின் ஸ்தானத்தையே பிடித்துக்கொண்ட கண்ணாடியிழைப் படகை, கரையில் எல்லாரும் ‘பைபர்’ என்று சுருக்கமாக அழைக்கிற படகை, மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன். நீளம் ஏறக்குறைய 9 மீட்டர். பின்புறத்தில் வெளிப்பொருத்து எஞ்சின். அதன் அருகே ஒரு பெட்டியில் 12 வோல்ட் பாட்டரி ஒன்று. நடுவுக்குச் சற்று முன்னே, நட்டுப் பிடுங்கக்கூடிய ஒரு விளக்குக் கம்பம். மர வள்ளம் வைத்திருப்பவருக்கும் இதிலே சொல்வன பெரும்பாலும் பொருந்தும்.

விளக்குகள் எவை என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள் 1972 இல் வகுக்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி, எஞ்சினால் ஓடுகிற 12 மீட்டருக்குக் குறைந்த படகு, சுற்றெங்கும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றும், இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்ற பக்க விளக்குகளும் காட்டினால் போதும். வெள்ளை விளக்கு 2 கடல்மைல் தூரத்துக்கும், பக்க விளக்குகள் 1 கடல்மைல் தூரத்துக்கும் தெரிய வேண்டும். வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிட 1 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். இழுவலை அல்லாத வேறு வலையைக் கடலில் விட்டுத் தொழில் செய்யும்போது, சுற்றெங்கும் தெரியும் சிவப்பு மேலே, வெள்ளை கீழே என்ற ஜோடி வேறு வேண்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால், அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை. இவ்வளவுக்கும் கம்பி இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்வது உத்தமம். ஒரு விளக்குக்கென்று வழி செய்துவிட்டு, மறுவருஷம் இரண்டாவதுக்கு வேறு வழி தேடுகிறவர் படகைச் சிலந்திக்கூடாக்கிவிடுகிறார்.

இவற்றோடு, வலை வாங்கவும் மீன் கழிக்கவும் ஒரு வேலை விளக்கு வேண்டுமென்று எல்லாரும் விரும்புகிறார்கள், விரும்புவது நியாயமே. ஆனால் மேற்சொன்ன விதிகளே, அஸ்தமனம் முதல் உதயம் வரை, வழிகாட்டும் விளக்குகளாகப் பிறர் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய விளக்கையும், அவற்றை மங்கச் செய்யும் விளக்கையும், படகிலிருப்பவரின் கண்காணிப்பைக் கெடுக்கும் விளக்கையும் எரியவிடக்கூடாது என்கின்றன. ஆகையால் வேலை விளக்கு கீழ்நோக்கியே சாய்ந்திருக்கட்டும். அதற்குத் தனிச் சுவிட்ச் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அணைந்திருக்கட்டும். இருளுக்குப் பழகிய கண் ஒரு நொடிப் பிரகாசத்தில் அந்தப் பழக்கத்தை இழந்துவிட்டால், முழுவதும் மீட்டுக்கொள்ள அரைமணி நேரம் வரை ஆகும். மீனைக் கவர்வதற்காகக் கடலில் பெருவிளக்குகளைப் பாய்ச்சுகிற வழக்கத்தை மத்திய அரசு 2017 இல் தடை செய்திருக்கிறபடியால், அவ்விதப் பொருத்தலுக்கு இந்தப் புத்தகத்தில் இடமில்லை.

இனி, வீட்டுப் பழக்கம் ஏன் படகில் நம்மை ஏமாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் மின்சாரம் 230 வோல்ட்; தொட்டால் ஆளைக் கொல்லும்; ஆனால் 55 வாட் விளக்குக்கு அது அனுப்ப வேண்டிய மின்னோட்டம் கால் ஆம்பியர்தான். படகில் 12 வோல்ட். வெறுங்கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாத சாது. ஆனால் அதே 55 வாட் விளக்குக்கு அது 4.6 ஆம்பியர் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ பத்தொன்பது மடங்கு! கொல்லாது என்ற தைரியத்தில் மெல்லிய கம்பியையும் தளர்ந்த முறுக்கலையும் நாம் பொறுத்துக்கொள்கிறோம்; கம்பியோ அந்தப் பெரிய ஓட்டத்தைச் சுமக்கமாட்டாமல் சூடாகிறது, விளக்கோ பசித்துக் கிடக்கிறது. இத்தோடு, வீட்டுச் சுவர் ஆடுவதில்லை. படகு இரவெல்லாம் எஞ்சினோடு சேர்ந்து நடுங்குகிறது. வீட்டுச் சுவரில் உப்புநீர் ஏறுவதில்லை. படகில் அது ஏறாத இடத்தைத்தான் நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தேடலை வெறுங்கையோடு ஆரம்பியுங்கள். கம்பியும் வேண்டாம், துளைக்கருவியும் வேண்டாம். ஒரு சுண்ணாம்புக்கட்டியும் இரண்டு வாளித் தண்ணீரும் போதும். படகு கரையில் இருக்கும்போது, அணியத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து, நீர் எந்தப் பலகைக்கடியில் நுழைகிறது, எந்த வங்கில் தடைபட்டுத் தேங்குகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். பின்பு படகைப் பக்கவாட்டில் சாய்த்து மற்ற வாளியைக் கவிழ்த்து, மறுபடியும் பாருங்கள். நனைந்த எல்லையைச் சுண்ணாம்பால் கோடிட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு மேலே, படகின் மேல்விளிம்புக்கு உட்புறத்தில், கையகல இடம் எங்கே தொடர்ச்சியாகக் கிடைக்கிறதோ அதுவே கம்பியின் ராஜபாட்டை.

இந்த உபாயம் என் சொந்த மூளையில் உதித்ததன்று. பல வருஷங்களுக்கு முன், தூத்துக்குடிப் பக்கத்துப் படகு ஒன்றுக்கு நான் முதன்முதலாக விளக்குப் பொருத்தியபோது, பாட்டரியிலிருந்து கம்பத்துக்குக் குறுக்குவழி அடித்தளப் பலகைகளுக்குக் கீழேதான் என்று கண்டு, அவ்வழியே கம்பியை இழுத்து, நீளம் போதாமற்போன இடத்தில் ஓர் ஒட்டுப் போட்டு, டேப்பைச் சுற்றி, மேலே பலகையை அறைந்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். மூன்றாம் மாதம் விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்தது. நான்காம் மாதம் நின்றுவிட்டது. பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், ஒட்டுப் போட்ட இடத்தில் செம்பே இல்லை. பச்சைக் களிம்புதான் இருந்தது. அருகே குந்தி நீர் இறைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், என்னைக் கடிந்துகொள்ளாமல், “தம்பி, தண்ணி எங்கன கெடக்குன்னு மொதல்ல பாரும், கம்பிய அப்புறமாப் போடலாம்” என்று சொல்லிவிட்டு, மறுபடி இறைக்கத் தொடங்கினார். அந்தப் படகுக்குத்தான் இரண்டாம் முறை வாளியோடு போனேன்.

படகின் இரண்டு விளிம்புகளில் எந்த விளிம்பு என்பது அடுத்த கேள்வி. வலை எந்தப் பக்கமாக ஏறுகிறதோ, அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். ஈயக்குண்டும் மிதவையும் கயிறும் நூறு தடவை உரசிப் போகிற விளிம்பில் எந்த உறையும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது. நங்கூரக் கயிறு ஓடுகிற வழியும், ஆள் ஏறி இறங்கக் கால்வைக்கிற இடமும் அப்படியே தவிர்க்கப்பட வேண்டியவை. எரிபொருள் கேன் வைக்கிற பகுதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாகையால் படகின் அடியில் இறங்கித் தேங்குகிறது, அங்கே ஒரு சுவிட்சின் சிறு பொறியும் போதுமானது. எனவே சுவிட்சும் ஃபியூஸும் இணைப்பும் கேனுக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்கவே கூடாது. பாட்டரி விடுகிற ஹைட்ரஜனோ இதற்கு நேர்மாறாக மேலே போகிற குணமுடையது; அதன் பெட்டிக்கு மேற்புறத்தில் காற்றுப்போக்கி வேண்டும்; சுவிட்சுகளை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது சௌகரியமாகத் தோன்றினாலும், வைக்க வேண்டாம்.

பைபர் படகுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. அதைப் பலர் அறிந்திலர். படகு மூழ்காதிருக்க அடைப்புகளுக்குள்ளே தெர்மாகோல் திணித்திருப்பார்கள். அந்த அடைப்பு காலியான சுரங்கம் போலத் தோன்றுவதால், கம்பியை அதன் வழியே செருகிவிடலாமே என்று ஆசை உண்டாகும். சாதாரண ஒயரின் பி.வி.சி. உறையை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள், தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் மெல்ல மெல்ல அதற்குள் ஊறிப்போகிறது. தெர்மாகோல் பிசுபிசுத்துக் கரைகிறது, உறை விறைத்து வெடிக்கிறது. வேறு வழியே இல்லையென்றால் கம்பியை ஒரு குழாய்க்குள் செலுத்தி, குழாயைத் தெர்மாகோலில் பதியுங்கள்.

குழாய் என்று சொன்னதால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. மேல்விளிம்புக்கடியில் ஒரு பி.வி.சி. குழாயைப் பொருத்தி அதற்குள் கம்பிகளைச் செலுத்துவது நல்ல ஏற்பாடு. ஆனால் குழாயின் இரு வாயையும் பசையால் அடைத்துவிட்டால் நீர் உள்ளே வராது என்று நம்புவது பேதைமை. பகலில் வெயிலால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் துளியாகிக் குழாய்க்குள்ளேயே தங்குகிறது. ஆதலால் குழாய் எங்கே தாழ்கிறதோ அங்கே அடிப்பக்கத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டு, வந்த நீர் போக வழி விடுங்கள். இணைப்புப் பெட்டிக்கும் இதுவே நியாயம்: கம்பிகள் அதன் கீழ்ப்பக்கமாகவே நுழையட்டும், நுழைவதற்கு முன் ஒவ்வொரு கம்பியும் பெட்டிக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து மேலேறட்டும்; உறையின்மேல் வழிந்து வருகிற நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். குழாய்க்குள் ஒரு நைலான் நூலையும் சும்மா போட்டு வையுங்கள். அடுத்த விளக்குக்குக் கம்பி இழுக்கும்போது அந்த நூலின் அருமை தெரியும்.

குழாயில்லாமல் வெறுமனே கட்டிச் செல்கிற கம்பிக்கு ஒரு முழத்துக்கு ஒரு பிடிப்பு வேண்டும். அமெரிக்கப் படகுகளுக்கான ஏ.பி.ஒய்.சி. விதி இதை 18 அங்குலம் என்று கூறுகிறது. நம் முழக்கணக்கும் ஏறக்குறைய அதுவே என்பதால், அளவுகோல் தேடி ஓடவேண்டியதில்லை, முழங்கையை நீட்டினால் போதும்.

கம்பியின் பருமன் விஷயத்தில் சற்று நிதானிப்போம். ஏனெனில் பணம் வீணாவதும் விளக்கு மங்குவதும் இங்கேதான். செம்புக்கம்பிக்கு உள்ள தடையைக் கணக்கிட, போகவரும் மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து, 0.0175 ஆல் பெருக்கி, கம்பியின் குறுக்குப் பரப்பைச் சதுர மி.மீ. கணக்கில் வைத்து வகுத்தால் ஓம் கிடைக்கும். அதை ஆம்பியரால் பெருக்கினால் வழியிலே நஷ்டமாகும் வோல்ட் தெரியும். நம் படகில் பாட்டரியிலிருந்து விளிம்பேறி, விளிம்போடு போய், கம்பத்தின் உச்சிக்கு ஏற 8 மீட்டர் என்று கொள்வோம். மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும். எனவே 16 மீட்டர். கடையில் ‘ஒன் ஸ்கொயர்’ என்று கேட்டு வாங்குகிற 1 சதுர மி.மீ. கம்பியின் தடை 0.28 ஓம். 10 வாட் குமிழ் ஒன்றை எரித்தால் 0.83 ஆம்பியர் ஓடி, 0.23 வோல்ட் நஷ்டமாகிறது. நூற்றுக்கு இரண்டுக்குள் அடங்குவதால் பாதகமில்லை. அதே கம்பியில் 55 வாட் ஹாலஜன் வேலை விளக்கை மாட்டினாலோ 1.28 வோல்ட், அதாவது நூற்றுக்குப் பத்துக்கு மேல், வழியிலேயே போய்விடுகிறது. பத்துதானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம்: இழை எரிந்து ஒளிவிடும் குமிழில், வோல்ட் சிறிது குறைந்தாலும் வெளிச்சம் அதைவிடப் பன்மடங்கு குறைகிற இயல்பு உண்டு, இந்தப் பத்து, வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 2.5 ஸ்கொயர் போட்டால் நஷ்டம் அரை வோல்ட்டாகவும், 4 ஸ்கொயர் போட்டால் 0.32 வோல்ட்டாகவும் குறைகிறது. வழிகாட்டும் விளக்குகளுக்கு நூற்றுக்கு 3, மற்றவற்றுக்கு நூற்றுக்கு 10 என்று முன்சொன்ன அமெரிக்க விதி எல்லை வகுத்திருக்கிறது. வேலை விளக்குக்கு நான் 5 என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

எல்.ஈ.டி. விளக்கு வந்தபின் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 3 வாட் எல்.ஈ.டி. கால் ஆம்பியர் எடுத்துக்கொண்டு பத்துமணி நேரம் எரிந்தாலும் பாட்டரியில் 2.5 ஆம்பியர்-மணிதான் குறையும், பழைய 25 வாட் குமிழோ 21 ஐக் குடித்துவிடும். ஆனாலும் வழிக்கம்பியில் 1 ஸ்கொயருக்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் மெல்லியது மின்சாரத்தைத் தாங்கினாலும், இழுப்பையும் நடுக்கத்தையும் தாங்காது.

கம்பி எப்போதும் பல இழைகளால் ஆனதாகவே இருக்கட்டும். ஒற்றை இழை வீட்டுக்கம்பி நடுங்கி நடுங்கி உறைக்குள்ளேயே முறிந்துவிடும். கிடைத்தால் ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயம் பூசிய படகுக்கம்பியை வாங்குங்கள். சாதாரணச் செம்பில் உப்பீரம் வெட்டு வாயில் நுழைந்தால், நூல் திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைகளின் இடுக்கு வழியே உள்ளே ஏறி, பல அங்குலத்துக்குக் கறுக்கச் செய்கிறது. வெள்ளீயப் பூச்சு அதை வெகுகாலம் தடுக்கும். விலை கூடுதல்தான். ஆனால் இருமடங்கு விலையுள்ள விளக்கை வாங்குவதைவிட இதில் செலவழிப்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது. சிவப்பு போகிற கம்பி, கறுப்பு திரும்புகிற கம்பி என்று ஒரு நியதியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு நாளும் வழுவாதீர்கள். இரும்பு, அலுமினியப் படகு வைத்திருக்கும் அன்பர்கள், லாரிக்காரர் செய்வதுபோல உடற்பகுதியையே திரும்புவழியாக உபயோகிக்க நினைத்தால், கடல்நீரோடு சேர்ந்து அந்த மின்சாரம் படகின் உலோகத்தையே அரித்துத் தின்றுவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கியே செலுத்துங்கள். திசைகாட்டி வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். தனிக்கம்பி ஒன்று 4.6 ஆம்பியரைச் சுமந்துகொண்டு திசைகாட்டிக்கு 30 செ.மீ. தூரத்தில் போனால், அதைச் சுற்றி ஏறக்குறைய 3 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம் உண்டாகிறது. நம் தென்கோடிக்கு அருகே பூமியின் காந்த நடுக்கோடு செல்கிறது. அதற்காகவே திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்து, 1963 இல் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டை அங்கிருந்து விட்டார்கள். இப்பகுதியில் ஊசியைப் பிடித்து நிறுத்தும் பூமியின் பலம் 40 மைக்ரோடெஸ்லா அளவு. இரண்டையும் ஒப்பிட்டால், கம்பி வாகாக அமைந்துவிடுகிறபோது ஊசி 4 பாகை வரை விலகும்; பத்து மைல் ஓடினால் ஏறக்குறைய முக்கால் மைல் பிசகு. முறுக்கிய ஜோடியில் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கைப்பேசியிலும் ஜி.பி.எஸ்.ஸிலும் வழி பார்க்கிற தலைமுறைக்கு இது வேண்டாத கவலையாகத் தோன்றலாம். அந்தக் கருவி கைநழுவித் தண்ணீரில் விழுந்த இரவில் அப்படித் தோன்றாது.

ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கென்று பலர் எண்ணுகிறார்கள். அது கம்பியைக் காப்பதற்கு. விளக்கு எரியாமற்போனால் இருட்டு. கம்பி எரிந்தால் படகு. எங்காவது உறை தேய்ந்து இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால், ஒரு சாதாரண பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கக்கிவிடும். கம்பி சில நொடிகளில் சிவந்துவிடும். கண்ணாடியிழையோ தீப்பற்றக்கூடிய வஸ்து. ஆகையால் பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் தலைமை ஃபியூஸ் வேண்டும்; ஃபியூஸுக்கு முன்னாலுள்ள அந்தச் சாண் கம்பிக்குக் காவல் யாருமில்லை என்பதால்தான் அவ்வளவு குறுக்கம். பிறகு கிளை ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ்: 1 ஸ்கொயருக்கு 5 ஆம்பியர், 2.5 ஸ்கொயருக்கு 10. வேலை விளக்கு பழுதாகும்போது வழிகாட்டும் விளக்கையும் இழுத்துக்கொண்டு போகாதிருக்க இந்தப் பிரிவினை அவசியம். சிறு எஞ்சின்களில் விளக்குச் சுருள் மட்டும் இருக்கும். அதிலிருந்து வருவது முன்னும் பின்னும் மாறுகிற மின்சாரம். அதைத் திருத்தி ஒழுங்காக்கும் கருவியில்லாமல் நேரே எல்.ஈ.டி.யில் கொடுத்தால் விளக்குக்கு ஆயுள் இராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது இணைப்புகள். நடுவழியில் ஒட்டு வேண்டாம் என்பதே முதல் விதி. நீளம் குறைந்தால் புதுக்கம்பி வாங்குங்கள். பெட்டியிலும் கம்பத்தடியிலும் விளக்கிலும் தவிர்க்க முடியாத இணைப்புகளை, பலகையைப் பெயர்க்காமல் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். உறையை ஓரிரு நகக்கண் அளவு சீவியபின் செம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால், பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கம்பியின் பருமனுக்கு ஏற்ற லக்கைப் போட்டு, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் இறுக்கி (கொறடாவால் நசுக்குவது இறுக்கமாகாது), பின் லக்கைப் பிடித்து மனதார ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கழன்றுவந்தால் சந்தோஷப்படுங்கள், நடுக்கடலில் கழல்வதற்கு இருந்தது. பற்றவைப்பதை மட்டும் நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு: ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைப்பாக்கிவிடுகிறது, விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்குகிற அந்தக் கோட்டில்தான் படகின் நடுக்கம் வந்து வளைத்து வளைத்து முறிக்கிறது. இறுக்கிய லக்கின்மேல், உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயை மாட்டிச் சூடுகாட்டி, இரு முனையிலும் பசை துளித்து வெளிவரும்வரை பொறுத்திருங்கள். டேப் வேண்டாம். சித்திரை வெயிலில் அதன் பசை உருகி ஒழுகும். பிறகு அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பையாக மாறும்.

கம்பத்தில் கம்பி உள்ளே போவது அழகு, பாதுகாப்பும்கூட; ஆனால் அதன் முழு எடையும் விளக்கின் திருகாணியில் தொங்கக்கூடாது; உச்சியில் ஒரு பிடிப்பில் அதைக் கட்டி, அதற்கு மேல் தளர்வாக விடுங்கள். குழாயின் வெட்டுவாய் கத்தி மாதிரி இருக்கும். ரப்பர் வளையம் போடாமல் கம்பியை அதன்மேல் வளைக்காதீர்கள். கம்பத்தைப் பிடுங்கிச் சாய்க்க வேண்டியிருப்பதால் அடியில் ஒரு செருகி தேவைப்படும். அதை வாய் கீழ்நோக்கியிருக்கும்படி, விளிம்புக்கு உட்புறத்தில் வையுங்கள். கழற்றியபின் மூடுவதற்கு மூடியுள்ளதாகவே வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் விளக்கு எரிகிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக்கூடாது. மல்டிமீட்டரை எடுத்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, ஒரு முள்ளைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றதை விளக்கின் நேர்முனையிலும் வையுங்கள். காட்டுகிற எண், போகிற வழியில் நஷ்டமாகும் வோல்ட். திரும்புகிற வழியையும் அப்படியே பாருங்கள். இரண்டும் சேர்ந்து, வழிகாட்டும் விளக்குக்கு 0.36 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை. விளக்கை அணைத்துவிட்டு அளக்கிறவர் ஏமாறுவார். மீட்டர் அநேகமாக மின்சாரமே எடுத்துக்கொள்ளாததால், களிம்பேறி நூலிழையாகிவிட்ட இணைப்பும் அப்போது பாட்டரியின் முழு வோல்ட்டையும் காட்டி யோக்கியன் போல நடிக்கும். பிறகு ஒவ்வொரு விளக்காகப் போட்டு அணைத்துத் திசைகாட்டி ஊசியைக் கவனியுங்கள். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் ஆளரவமற்ற அலைவரிசையில் வைத்து, எல்.ஈ.டி.யைப் போட்டதும் இரைச்சல் எழுகிறதா என்று கேளுங்கள். மலிவான விளக்குகள் சில ரேடியோவின் காதை அடைத்துவிடும், அவற்றைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. கடைசியாக, ஒரு வாளி கடல்நீரை எல்லாவற்றின்மேலும் தாராளமாக வீசி, மறுநாள் இரவு இந்த அளவுகளை மறுபடி எடுங்கள்.

கம்பி போன வழியை ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைந்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஃபியூஸ் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். மை ஈரத்தில் பரவிவிடும். மாற்று ஃபியூஸ்களும் அங்கேயே இருக்கட்டும். பெட்டிக்குள் வரும் ஒவ்வொரு கம்பியிலும் நைலான் நூலால் முடிச்சுப் போட்டு வைப்பது என் வழக்கம்: வெள்ளை விளக்குக்கு ஒரு முடிச்சு, பக்க விளக்குகளுக்கு இரண்டு, தொழில் விளக்கு ஜோடிக்கு மூன்று, வேலை விளக்குக்கு முடிச்சில்லை. எல்லா விளக்கும் அணைந்துபோன இரவில், கைவிளக்கைத் தேடிக்கொண்டிருக்காமல், வலை முடிந்து பழகிய விரல்களாலேயே எது எதென்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.